தீ அபாயப் புகார்: மைரெஸ்பாண்டரா, ஒன்சர்வீஸா, தொலைபேசியா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்தில் செருப்பு அலமாரியும் சைக்கிளும் வழியை மறிக்கின்றன. கடைத்தொகுதியின் அவசர வாசலில் பூட்டு தொங்குகிறது. இரண்டும் தீ அபாயம்தான், ஆனால் புகார் போக வேண்டிய இடம் வேறு வேறு. அதைக் குழப்பிக்கொள்வதில்தான் பல புகார்கள் கைமாறிக் கைமாறி நாள் கடக்கின்றன.

மைரெஸ்பாண்டர், தீயணைப்பையும் மீட்புப் பணியையும் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை 2015ல் வெளியிட்ட செயலி. அருகில் யாருக்காவது இதயத்துடிப்பு நின்றால் பொதுமக்களை அழைப்பதுதான் அதன் முதல் வேலை. தீ அபாயப் புகார் அதோடு ஒட்டிய வசதி என்றாலும், படத்தோடு அனுப்ப முடிவதால் நன்றாகவே பயன்படுகிறது. ஒரு குறை உண்டு: கைப்பேசி காட்டும் இடம் புளோக்கோடு நின்றுவிடும். 16 மாடிக் கட்டடத்தில் எந்த மாடி, எந்தப் படிக்கட்டு என்று அதற்குத் தெரியாது. மாடி எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் நீங்கள்தான் எழுத வேண்டும். இதை விட்டால் ஆய்வுக்கு வருபவர் மாடி மாடியாக ஏறித் தேட வேண்டியதுதான்.

படம் இரண்டு போதும். மாடி எண் தெரியத் தள்ளி நின்று ஒன்று, அளவு நாடா தெரியக் கிட்டத்தில் இன்னொன்று. தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். பொருள் அதிகம் துருத்தும் இடத்திலிருந்து கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் வரை அளக்க வேண்டும். சைக்கிள் என்றால் சக்கரத்திலிருந்து அல்ல, ஹேண்டில்பாரிலிருந்து. நாடா இல்லையென்றால் நான்கு ஏ4 தாள்களை நீளவாக்கில் அடுக்கிப் பாருங்கள். 118.8 சென்டிமீட்டர் வரும், அதுகூட நுழையாவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

தாழ்வாரச் சாமான்களுக்கு நகர மன்றம்தான் சரியான இடம். அங்கே புகாரைக் கொண்டுசேர்ப்பது ஒன்சர்வீஸ் என்ற அரசுச் செயலி. செயலி வேண்டாமென்றால் அதன் ‘காக்கி’ உரையாடியிடம் வாட்ஸ்அப்பிலேயே சொல்லலாம், மூத்தவர்களுக்கு அதுவே தோது. கொண்டோ (தனியார் அடுக்குமாடி) என்றால் முதலில் நிர்வாக அலுவலகம்.

பூட்டிய அவசர வாசல், பெட்டிகள் அடுக்கிய படிக்கட்டு, ஆப்பு வைத்துத் திறந்தே கிடக்கும் தீத்தடுப்புக் கதவு இவற்றுக்கெல்லாம் 1800 280 0000 எண்ணில் நேராகக் குடிமைத் தற்காப்புப் படையை அழையுங்கள். கதவைச் சோதிப்பது எளிது. பாதி திறந்து கையை எடுங்கள். தானே மூடி, தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழ வேண்டும். மூடியும் தாழ் விழாவிட்டால், நெருப்பின் அழுத்தத்தில் கதவு திறந்துகொள்ளும், படிக்கட்டு புகைபோக்கியாகிவிடும். சிராங்கூன் ரோட்டுக் கடைவீடுகளில் தீபாவளிச் சரக்கு வரும் வாரங்களில் இந்த ஆப்பை அதிகம் பார்க்கலாம். சரக்கு இறங்கும் நேரம் முடிந்ததும் அதுவும் காணாமல் போய்விடும். அதனால் எத்தனை மணிக்கு என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். நேரம் சொல்லாத புகாரை நம்பி மாலையில் வந்தால் ஒன்றும் இருக்காது. புகார் உறுதியானால் கெடு வைத்துக் கட்டடக்காரருக்கு அறிவிப்பு போகும்.

தீயணைக்கும் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்திருக்கும் ஹோஸ் ரீல் பெட்டியைப் பலர் கவனிப்பதே இல்லை. 2019 நவம்பரில் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி ஒன்றில் தீப்பிடித்தபோது அந்தப் பெட்டி பூட்டிக் கிடந்தது. உங்கள் மாடியில் பூட்டு தொங்கினால் படம் எடுத்து மைரெஸ்பாண்டரில் உடனே அனுப்புங்கள், நீங்களாக உடைக்கப் போக வேண்டாம்.

புகையோ நெருப்போ கண்ணில் பட்டால் செயலி, வாட்ஸ்அப் எதையும் தொட வேண்டாம், 995. பழைய சாமான் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தால் புதுப் புகாரில் முந்தைய புகார் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் முதல் தடவை போலவே எல்லாம் ஆரம்பத்திலிருந்து நடக்கும்.