நரம்பு உறையை வளர்த்துத் தருவதாகச் சொல்லி 2,40,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே தங்கச்சிக்கு ஸ்டீராய்டு டிரிப் ஏறுகிறது. இன்று மூன்றாம் நாள்.

அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எம்.எஸ். என்பார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு இவற்றிலுள்ள நரம்பிழைகளின் மேலிருக்கும் மயலின் என்ற உறையைத் தாக்கி அழிக்கும் நோய். முதலில் இடது கண்ணைத் திருப்பினாலே வலி என்றாள். குங்குமச் சிவப்புச் சேலை அந்த ஒரு கண்ணுக்கு மட்டும் வெளுத்த செங்கல் நிறமாகத் தெரிந்தது. எம்.ஆர்.ஐ., முதுகில் நீர் எடுத்த சோதனை எல்லாம் முடிந்து டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை எழுதினார்கள். "போன உறையை இது திருப்பித் தராதும்மா. அடுத்த தாக்குதல் வர்றதைக் குறைக்கும்" என்று நரம்பியல் டாக்டர் அன்றைக்கே சொன்னார். அந்த உண்மை எங்களுக்குப் போதவில்லை.

பிறகு வலது கை மரத்துப்போனது. ஐந்து நாள் டிரிப் போட்டு வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. வெளியூரில் ஒரு ஸ்டெம்செல் மையம். ஸ்டெம்செல் என்றால் வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்.

அங்கிருந்தவர் மேஜை டிராயரைத் திறந்து பழைய சார்ஜர் ஒயர் ஒன்றை எடுத்தார். உறை பிய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. அதன்மேல் கறுப்பு டேப்பை நிதானமாகச் சுற்றினார். "இவ்வளவுதான் தம்பி. பாப்பா நரம்புல நாங்க செய்யப்போறது இதுதான்." எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஆறு மாசத்துல இது இருக்காது, இதுவும் இருக்காது" என்றார். முக்கால் மணி நேரம் பேசினார். அவ்வளவு நேரம் எங்களிடம் யாரும் பேசியதே இல்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கேயே 2,40,000 ரூபாய் அனுப்பினேன். அம்மாவின் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

"அந்த மாத்திரை புதுச் செல்லைக் கொன்னுடும், நிறுத்திடுங்க" என்றார். நிறுத்தினோம். ஸ்டெம்செல் ஊசி போட்டு அன்று மாலையே பஸ் ஏற்றிவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் கை சரியானது. சட்டைப் பொத்தான் போட்டாள். மகிழ்ச்சியில் நாங்களே வீடியோ எடுத்து அனுப்பினோம். இந்த நோய் பலருக்கு இப்படித்தான், வரும், தானாகவே தணியும். ஸ்டீராய்டு அதைச் சீக்கிரம் தணிக்கும். அதற்குள் போட்ட ஊசிக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

நான்காம் மாதம் பேருந்து நிலையத்தில் அவள் காலிலிருந்து செருப்பு கழன்று போனது. பத்தடி நடந்த பிறகு நான் சொல்லித்தான் குனிந்து பார்த்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

போன் செய்தால் "இது குணமாகறதுக்கு முன்னாடி வர்ற அறிகுறி சார்" என்றார்கள். மறுநாள் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." அடுத்த வாரம் "இன்னொரு ஊசி போட்டா சரியாயிடும், 90,000 ரூபாய்தான்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளைப் படமெடுத்து அனுப்பினார்கள். பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்று அதில் ஒரு வரி. பில்லைப் பார்த்தேன். 2,40,000 ரூபாய்க்கும் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் இருக்கிறது. ஊசி என்ற சொல்லே இல்லை. இப்போது என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், நர்ஸ் கூப்பிடுகிறார். அவசரமாகச் சிலது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி பெரும்பாலும் ரத்தம் சார்ந்த நோய்களுக்குத்தான் ஸ்டெம்செல் முறையான சிகிச்சை, மற்றதெல்லாம் ஆய்வு மட்டுமே. எம்.எஸ்.ஸுக்குச் சில பெரிய மருத்துவமனைகளில் செய்யும் ஸ்டெம்செல் மாற்று வேறு. அதற்குக் கீமோ கொடுத்து வாரக்கணக்கில் அட்மிஷன் போடுவார்கள், ஊசி போட்டு அன்று மாலையே பஸ் ஏற்றிவிட மாட்டார்கள். உறையைத் திரும்ப வளர்க்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றைக்கு எதுவும் இல்லை. பில்லில் சிகிச்சையின் பெயர் இல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள், உங்கள் நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

அந்த விளம்பரத்தில் மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பொத்தான் போட்டுக் காட்டுவாள். அவள் என் தங்கச்சி. எடுத்துவிடச் சொல்லி நாலு முறை எழுதிவிட்டேன். நேற்று இரவும் ஓடிக்கொண்டிருந்தது.