பாவமும் மீட்பும்: கத்தோலிக்கப் போதனையும் சீர்திருத்தச் சபைகளின் போதனையும்

மீட்பு கடவுளின் அருளால் வருவது, மனித முயற்சியால் சம்பாதிக்கக்கூடியது அல்ல என்பதில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் (புரொட்டஸ்டண்ட்) சபையாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே, கத்தோலிக்கர் நற்செயல்களைக் கொடுத்து விண்ணகத்தை வாங்கப் பார்க்கிறார்கள் என்று பலரும் சொல்லும் குற்றச்சாட்டு நியாயமற்றது.

அந்த அருள் மனிதனுக்குள் என்ன செய்கிறது என்பதில்தான் பாதைகள் பிரிகின்றன. 1547-இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் வகுத்த போதனையின்படி, அருள் மனிதனை உள்ளுக்குள் உண்மையாகவே புதுப்பிக்கிறது. அன்பினால் செயல்படும் நம்பிக்கையில் அவன் வளரலாம், சாவான பாவத்தால், அதாவது அறிந்தும் மனமுவந்தும் செய்யும் கனமான பாவத்தால், அந்த அருள்நிலையை இழக்கவும் நேரலாம். சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரோ, கிறிஸ்துவின் நீதி விசுவாசிக்கு உரியதாக எண்ணப்படுவதால், அவன் ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்றார். அவர் பார்வையில், நற்செயல்கள் விசுவாசத்தின் கனிகளே தவிர, மீட்புக்குக் காரணம் அல்ல. மனிதன் சட்டத்தின் செயல்களால் அல்ல, விசுவாசத்தாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்னும் ரோமர் 3:28-ஐச் சீர்திருத்தச் சபையார் முன்வைக்க, விசுவாசத்தினால் மட்டுமல்ல, செயல்களாலும் என்னும் யாக்கோபு 2:24-ஐக் கத்தோலிக்கர் சுட்டுகிறார்கள்.

நடைமுறையில் இந்த வேறுபாடு பாவமன்னிப்பில் கண்கூடாகத் தெரியும். கத்தோலிக்கர் தாம் செய்த சாவான பாவங்களை, வகையும் எண்ணிக்கையும் சொல்லி, குருவிடம் அறிக்கையிட்டு, அவர் விதிக்கும் பரிகாரத்தைச் செய்கிறார். சீர்திருத்தச் சபையாரில் பெரும்பாலோர் கடவுளிடம் நேரடியாகவோ, ஆராதனையில் சபையாகச் சேர்ந்தோ அறிக்கையிடுகிறார்கள். ஆனாலும் லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளில் தனி அறிக்கை முற்றிலும் மறைந்துவிடவில்லை. இறந்தோர் விண்ணகம் சேருமுன் தூய்மையாக்கப்படும் நிலையான உத்தரிக்கும் தலத்தைச் சீர்திருத்தச் சபைகள் பொதுவாக ஏற்பதில்லை.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நீதிமானாக்கப்படுதலின், அதாவது பாவி கடவுள்முன் நீதிமானாக ஏற்கப்படுவதன், அடிப்படை உண்மைகளில் ஒருமித்த கருத்து உண்டு என்று அறிவித்தது. 2006-இல் மெதடிஸ்ட் சபையினரும் அதனுடன் இணைந்தனர். திருச்சபையின் அதிகாரம், திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் ஆகியவை பற்றிய கேள்விகள் மேலும் ஆராயப்பட வேண்டியவை என அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.