ஒட்டிய மேனிஃபோல்டுடன் 3 ஆண்டுகள்

காலையில் எஞ்சினை இயக்கியதும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். வால்வு சத்தம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். வெப்பத் தகட்டைக் கழற்றிய பிறகுதான், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சின் புகையைத் திரட்டி வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய்த் தொகுதி) இரண்டு குழாய்கள் சேரும் கவையில் மயிரிழை விரிசலும் அதைச் சுற்றிக் கரியும் தெரிந்தன. சூடேறி இரும்பு விரிந்ததும் விரிசல் மூடிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும்.

முதல் முறை சாதாரண எஃகு ராடால் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறே வாரத்தில், ஒட்டு அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் புது விரிசல் ஓடியது. வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம். உருகி வேகமாக ஆறினால் ஒட்டின் கரை கண்ணாடிபோல் கடினமாகி உடையும். பித்தளையால் ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். பெட்ரோல் எஞ்சினின் புகை சில நேரம் அதை உருக்கும் சூட்டுக்கே போய்விடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

இரண்டாம் முறை வேறொருவரிடம் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டார்; விரிசல் மேலும் ஓடாது. பள்ளம் பறித்து, உள்ளே ஊறியிருந்த எண்ணெயைத் தீயால் எரித்தார். ஃபிளாஞ்ச், அதாவது எஞ்சினோடு பொருந்தும் தட்டையான விளிம்பு, கோணாமல் இருக்கத் தடித்த எஃகுத் தகட்டில் போல்ட் போட்டு முடுக்கினார். முழுத் துண்டையும் 300 டிகிரிக்குச் சூடாக்கி, 55 சதவீத நிக்கல் ராடால் ஓர் அங்குலம் வைப்பார், சூடு தணிவதற்குள் சுத்தியலால் மெல்லத் தட்டுவார், பிறகு அடுத்த அங்குலம். ஒட்டு சுருங்கி இழுக்காமல் இருக்கத்தான் அந்தத் தட்டல். கடைசியில் காய்ந்த மணலில் புதைத்தார். மறுநாள் காலையிலும் மணல் வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஃபிளாஞ்ச் சற்றுக் கோணியிருந்ததால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டியிருந்தது.

மூன்று ஆண்டுகளாக அந்த இடம் அசையவில்லை.

அந்தத் தெம்பில் ஒரு வம்பை விலைக்கு வாங்கினேன். ஆக்சிஜன் சென்சாருக்காக மேனிஃபோல்டில் துளையிட்டு, எஃகு வளையம் ஒன்றை ஒட்டவைத்தேன். எட்டு மாதத்தில் வளையத்தைச் சுற்றி விரிசல். இப்போது சென்சார் கீழே உள்ள எஃகுக் குழாயில் இருக்கிறது. அங்கே ஒட்டுவது சாதாரண வேலை. பழைய துளையை ஒரு போல்ட் அடைத்திருக்கிறது. ஆயில் மாற்றும்போதெல்லாம் அதைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.