ஓவர்கிளாக் செய்த புராசசர்: வருடக்கணக்கில் ஓட்ட எத்தனை டிகிரி வரை போகலாம்?

புராசசரை ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டி, "எத்தனை டிகிரி வரை பரவாயில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் 80 என்று பதில் வரும். அது தப்பான எண் இல்லை. ஆனால் எந்த புராசசர், என்ன லோடு, அறை எவ்வளவு சூடு என்று எதையும் பார்க்காமல் சொல்லும் எண். முதல் மாதத்தில் 80 காட்டிய சிஸ்டம் இரண்டு வருடம் கழித்து அதே செட்டிங்கில், அதே லோடில் 90ஐத் தாண்டுவது சகஜம். அதனால் தயாரிப்பாளர் வைத்த உச்ச வெப்ப வரம்புக்குக் கீழே எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம், எந்த வோல்ட்டேஜில் அந்தச் சூட்டைத் தொடுகிறோம் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வரம்பு மாடலுக்கு மாடல் மாறும். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை கே மாடல்களுக்கு (ஓவர்கிளாக் செய்ய அனுமதிப்பவை) 100 டிகிரி. ரைசன் 5800எக்ஸ், 5900எக்ஸ், 5950எக்ஸ் மூன்றுக்கும் 90, 5600எக்ஸுக்கு 95. ரைசன் 7000 எக்ஸ் வரிசைக்கு 95, ஆனால் 7800எக்ஸ்3டிக்கு 89தான். அந்த எண்ணைத் தொட்டவுடன் சில்லு கருகிவிடாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைந்த பிறகு ஓவர்கிளாக் செய்ததற்கே அர்த்தமில்லை. ரைசன் 7000 எக்ஸ் வரிசை முழு லோடில் 95 வரை ஏறி அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டாக்கில், அதாவது எதையும் மாற்றாத அமைப்பில், 95ஐப் பார்த்துப் பதறி கூலரைக் கழற்ற வேண்டாம். பழைய 1700எக்ஸ், 1800எக்ஸ் இன்னும் ஓட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவற்றின் டிசிடிஎல் (ஃபேன் கட்டுப்பாட்டுக்கான வெப்ப எண்) அளவு உண்மையைவிட 20 டிகிரி கூட்டியே காட்டும். 2700எக்ஸில் அது 10 டிகிரி.

நீண்ட நாள் ஓட்டத்துக்குக் கைகொடுக்கும் கணக்கு இது. தினசரி செய்கிற வேலைகளில் எது மிகக் கனமானதோ (வீடியோ எக்ஸ்போர்ட், கோட் கம்பைல், ரெண்டரிங்), அதில் வரம்புக்கு 15 டிகிரி கீழே நிற்க வேண்டும். பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி போன்ற கொடூரமான சோதனையில் 5 டிகிரி இடைவெளி இருந்தாலே போதும். அந்த அளவு லோடை எந்த நிஜ வேலையும் தராது. இந்த 15 டிகிரியை ஆண்டின் மிகச் சூடான நாளுக்குக் கணக்கிட வேண்டும். கூலர் வேலை செய்வது அறைக் காற்றை அடிப்படையாகக் கொண்டுதான். அறை 24 டிகிரியில் இருக்கும்போது 78 காட்டினால், அறை 34 ஆனதும் 88ஐ எதிர்பார்க்கலாம். நடப்பில் அதைவிடச் சற்றுக் கூடவே வரும், ஏனென்றால் சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டமும் ஏறும். குளிர் மாதத்தில் எல்லையைத் தொட்டு டியூன் செய்த சிஸ்டங்கள் வெயில் வந்ததும் ப்ளூ ஸ்கிரீன் காட்டுவது இதனால்தான்.

இனி வோல்ட்டேஜ். சில்லு சக்தியை உறிஞ்சும் அளவு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் கிளாக் வேகத்தோடும் ஏறும். 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் ஓடுவதை 5.2 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் வேகம் 4 சதவீதம் கூடும், வெப்பமோ சுமார் 21 சதவீதம் கூடும். கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்காக அடுத்த சைஸ் கூலர் வாங்குவதெல்லாம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும். அதோடு, சூட்டைக் கூலர் சமாளித்துவிட்டது என்பதற்காக வோல்ட்டேஜ் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்கள் நிலைகுலைந்த விவகாரம் இதற்கு நல்ல பாடம். தேவைக்கு மீறிய இயக்க வோல்ட்டேஜ்தான் காரணம் என்று 2024இல் இன்டெலே சொன்னது. மைக்ரோகோட் (சில்லின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வழியாக 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி கட்டுப்படுத்தியது, வாரன்ட்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் தலைமுறை வைத்திருந்தால் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள், ஓவர்கிளாக் பேச்சு அதற்கப்புறம்.

டியூன் செய்யும் வரிசை பெரிய ரகசியம் இல்லை. ஸ்டாக் செட்டிங்கில் அரை மணி நேரம் லோடு கொடுத்து வெப்பம், வோல்ட்டேஜ், வாட் மூன்றையும் குறித்துவைக்க வேண்டும். பிறகு மல்டிபிளையரை (அடிப்படை கிளாக்கை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) ஒவ்வொன்றாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, தடுமாறும் இடத்தில் மட்டும் வோல்ட்டேஜை 0.01 முதல் 0.02 வோல்ட் வரை கூட்ட வேண்டும். லோட்லைன் காலிப்ரேஷனை (லோடு ஏறும்போது வோல்ட்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் செட்டிங்) உச்சத்தில் வைக்காதீர்கள். லோடு சட்டென்று விலகும் நொடியில் வோல்ட்டேஜ் மேலே துள்ளும். அந்தத் துள்ளல் எந்த மென்பொருளிலும் தெரியாது, ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும். நடு அளவே நல்லது. ரைசனில் மேனுவல் ஓவர்கிளாக்கைவிட கர்வ் ஆப்டிமைசரில் (ஒவ்வொரு வேகத்துக்கும் கொடுக்கும் வோல்ட்டேஜைத் திருத்தும் செட்டிங்) மைனஸ் போவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. அதில் ஒவ்வொரு எண் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். சூடும் இறங்கும், பூஸ்ட்டும் ஏறும். கூடவே பிபிஓ (ரைசனின் தானியங்கி கூடுதல் பூஸ்ட்) வெப்ப வரம்பை 85இல் வைத்துவிட்டால் இழப்பது சில சதவீத வேகம் மட்டுமே.

சோதனையில் பலர் கோட்டைவிடுவது நேரத்தில். சினிபெஞ்ச் ஆர்23 சோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். லிக்விட் கூலரில் உள்ள நீர் முழுதாகச் சூடேறி நிலைக்கவோ 20 முதல் 30 நிமிடம் ஆகும். பத்தாம் நிமிடம் 79 காட்டுவது முப்பதாம் நிமிடம் 85 ஆகலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் (வெப்பமும் வேகமும் காட்டும் மென்பொருள்) மேக்ஸிமம் கட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள், அது ஒரு கண நேரத் துள்ளலாக இருக்கலாம். ஆவரேஜையும், எஃபெக்டிவ் கிளாக்கையும் (நிஜமாக ஓடிய சராசரி வேகம்) சேர்த்துப் பாருங்கள். கிளாக் 4.7 என்று காட்டி எஃபெக்டிவ் 4.4 என்றால் வோல்ட்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். ஐடிலில் ரைசன் 35க்கும் 55க்கும் இடையே குதிப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். கேம் ஆடும்போது புராசசர் லோடு குறைவுதான், ஆனால் கிராஃபிக்ஸ் கார்டின் சூடு மேலே ஏறி கேபினெட் கூரையில் மாட்டிய ரேடியேட்டருக்குள் போகும். அந்த அளவைத் தனியாகப் பாருங்கள்.

ஆண்டுகள் போகப் போக முதலில் பழுதாவது தெர்மல் பேஸ்ட். இரண்டு வருடம் ஓடிய கூலரைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். சில்லுக்கு நேர் மேலே உள்ள நடுப்பகுதியில் பேஸ்ட் மெல்லிய சாம்பல் படலமாகத் தேய்ந்து உலோகம் பளபளக்கும். ஓரங்களில் தடித்த வளையமாக ஒதுங்கியிருக்கும். சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டதன் விளைவு. இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்க வழி உண்டு: கோர்களுக்கு இடையே இருந்த 5, 6 டிகிரி வித்தியாசம் 12, 15 என்று விரியத் தொடங்கும். மறுபடி பூசும்போது பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சுத்தமாகத் துடைத்து, பட்டாணி அளவு வைத்து, திருகுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பேஸ்ட்டுக்குப் பதில் ஃபேஸ் சேஞ்ச் பேட் (சூட்டில் இளகும் மெல்லிய தாள்) போட்டால் இந்த வேலை அடிக்கடி வராது. பேஸ்ட்டுக்குப் பதில் பூசும் திரவ உலோகத்தை அலுமினியம் அடி கொண்ட கூலரில் தொடவே கூடாது, அதிலுள்ள காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

அடுத்தது தூசி. ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்தால் ஃபேன் சத்தம் கூடும், காற்று வராது. மூடிய லிக்விட் கூலர்களில் நீர் குழாய்ச் சுவர் வழியே மிக மெதுவாக ஆவியாகிக் குறையும். உள்ளே சேரும் காற்று பம்பில் நிற்காதிருக்க ரேடியேட்டரின் மேல் பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பம்பில் கலகலச் சத்தம் கேட்டால் அதைத்தான் முதலில் பாருங்கள். லிக்விட் கூலருக்கு மாறியவர்கள் மறப்பது விஆர்எம்மை (புராசசருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் மதர்போர்டு பகுதி): சாக்கெட்டைச் சுற்றி முன்பு வீசிய காற்று இப்போது இல்லை. அங்கே 90 வரை கவலையில்லை, 105ஐத் தாண்டினால் ஒரு ஃபேனின் காற்று அங்கே படும்படி வையுங்கள்.

பேஸ்ட் புதிது, தூசி இல்லை, வெப்பமும் பழைய அளவிலேயே இருக்கிறது, ஆனாலும் முன்பு உறுதியாக ஓடிய செட்டிங் தடுமாறுகிறது என்றால் சில்லே தேயத் தொடங்கியிருக்கலாம். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு) எண் 19 எச்சரிக்கைகள், அதாவது தானே திருத்திக்கொண்ட பிழைகள், கிராஷுக்கு முன்பே சேரும், பிறகு திருத்த முடியாத பிழையான 18 வரும். அப்போது கை தானாக வோல்ட்டேஜைக் கூட்டப் போகும். கூட்டினால் தேய்மானம் இன்னும் வேகமெடுக்கும். அதே வோல்ட்டேஜை விட்டுவிட்டு 100 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். அதிலும் 19 திரும்ப வந்தால் ஸ்டாக்குக்குப் போய்விடுங்கள்.