வயல் எலிக்குப் பொறியா, பாசாணமா?

காலபோகம் (மாரி நெற்போகம்) தொடங்கினால் வன்னியில் பலரும் கேட்பது இதுதான். முதலில் எந்த எலி என்று பாருங்கள். வரப்பைத் துளைத்து வளை வாயில் மண் குவித்திருந்தால் அகழான். மேட்டுக்காணி மணலில் வளை தோண்டுவது வெள்ளெலி. தார்ப் பாலைவனத்திலும் வாழும் அதே இனம். பகல் வெயிலுக்கு வளைக்குள் பதுங்கி, இரவில் தின்னும் விதையிலும் தளிரிலுமே ஈரம் எடுத்துக்கொள்ளும். வரட்சியில் தானாகச் சாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

செலவு: பொறி ஒருமுறை வாங்கினால் பல போகம் வரும். பாசாணம் ஒவ்வொரு முறையும் காசு.

வேலை: பொறியை அந்திக்கு வைத்து விடிய எடுக்கவேண்டும். பாசாணம் லேசு. ஆனால் சிங்க் பொஸ்பைட் என்ற எலிப் பாசாணத்தைக் கொஞ்சம் தின்று பிழைத்த எலி அந்த இரையைப் பிறகு தொடாது. அதனால் முதல் இரண்டு மூன்று நாள் நஞ்சில்லாத நெல்லை வைத்துப் பழக்கவேண்டும்.

ஆபத்து: நஞ்சு வைத்த இரையைக் கோழி கொத்தும். செத்த எலியை நாயும் ஆந்தையும் தின்னும். எலி பிடிக்கும் ஆந்தையையே இழப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, பிள்ளைகள் விளையாடும் வளவுக்கும் நெல் மூட்டை அடுக்கிய அறைக்கும் பொறிதான். பெரிய வயலுக்குப் பொறி மட்டும் போதாது. அயல் வயல்காரரும் சேர்ந்து, கதிர் வருமுன் ஒரே நாளில் பாசாணம் வையுங்கள். எதுவானாலும் எலியை வெறுங்கையால் தூக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரால் பரவும்.