எம்இபி-803ஏ: அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட 10 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர்

2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத்தின் மின்கட்டமைப்பு கடுங்குளிரில் முடங்கியபோது, ஹூஸ்டன் புறநகரில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. வயதான அம்மாவை நான்கு போர்வைகளுக்குள் வைத்துக்கொண்டு கழித்த அந்த இரவுகளுக்குப் பிறகு, வீட்டுக்கென்று நம்பகமான ஒரு ஜெனரேட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். கடைகளில் கிடைக்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 3600 சுற்று வேகத்தில் ஓடுபவை. இரைச்சலும் தேய்மானமும் அதிகம். நாள்கணக்கில் நிற்காமல் ஓடக்கூடியதாகவும், பழுதானால் நானே பிரித்துப் பார்க்கக்கூடியதாகவும் ஒன்றைத் தேடி, 2022 இறுதியில் அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்இபி-803ஏ ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். பழுதுபார்க்கப் பொறுமை உள்ளவருக்கு இதைவிட நல்ல இயந்திரம் இந்த விலையில் இல்லை என்பதும், பொத்தானை அழுத்தியதும் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் இதை வாங்கவே கூடாது என்பதும் இத்தனை நாள் பயன்படுத்தியதில் நான் வந்து சேர்ந்த முடிவு.

பெயரில் உள்ள எம்இபி என்பது 'நடமாடும் மின்சாரம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். இது 'டாக்டிகல் கொயட்', அதாவது 'போர்க்களத்துக்கான அமைதி' என்ற வரிசையைச் சேர்ந்தது. 7 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 70 டெசிபல்தான் ஒலிக்கிறது என்பதால் அந்தப் பெயர் பொருத்தமானதே. உள்ளே இருப்பது இங்கிலாந்தின் லிஸ்டர்-பெட்டர் நிறுவனத்தின் எல்பிடபிள்யூ4 எஞ்சின்: நான்கு சிலிண்டர், 1.86 லிட்டர், நீர்க்குளிர்ச்சி, டர்போ கிடையாது. அதே லிஸ்டர் பெயரில் வந்த பழைய மெதுவேக எஞ்சினின் நகல்கள் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகளில் காலங்காலமாக வார்க்கப்பட்டு வந்திருக்கின்றன; ஆயில் எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வம்சம் முற்றிலும் அந்நியமானதல்ல. நான்கு துருவ ஆல்டர்னேட்டர் என்பதால் 60 ஹெர்ட்ஸுக்கு எஞ்சின் 1800 சுற்று ஓடினால் போதும், ஆயுள் நீடிப்பதற்கு முதல் காரணம் அதுவே. எடை அரை டன்னுக்குச் சற்று அதிகம். ஆகையால் இதை எங்கே வைக்கப் போகிறோம், எதைக் கொண்டு இறக்கப் போகிறோம் என்பதை வாங்கும் முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

ராணுவத்தின் உபரிப் பொருள்களைக் கழிக்கும் பொறுப்பு டிஎல்ஏ டிஸ்போசிஷன் சர்வீசஸ் என்ற அரசு அமைப்புடையது. அங்கிருந்து அவை இணைய ஏலத்துக்கு வருகின்றன. நான் எடுத்த ஏலத்தின் விவரக் குறிப்பில் 'எஞ்சின் சுழல்கிறது, ஓட்டிப் பார்க்கவில்லை' என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். நேரில் சென்று பார்க்காமல் படங்களை மட்டும் நம்பினேன். தளத்தில் ஃபோர்க்லிஃப்டில் தூக்கி நான் வாடகைக்கு எடுத்துப்போன டிரெய்லரில் வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்தபோது ஏர் பில்டருக்குப் பக்கத்தில் எலிக்கூடு இருந்தது, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் மூன்று கம்பிகளின் உறை கடிபட்டிருந்தது. திறந்தவெளியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த இயந்திரங்களில் இது சாதாரணம் என்று பின்னர் அறிந்துகொண்டேன். ஏலத்துக்கு முன் பார்வையிட ஒரு நாள் ஒதுக்குகிறார்கள் என்றால் அந்த நாளில் எப்படியாவது போய் கதவுகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். இயந்திரம் ஓடிய நேரத்தைக் கணக்கிடும் மணி எண்ணியில் 200 மணி என்று காட்டுவதை மட்டும் வைத்து விலை சொல்லாதீர்கள், அந்த எண்ணி இடையில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம்.

இந்த இயந்திரத்தின் உண்மையான மதிப்பு அதனுடன் கிடைக்கும் கையேடுகளில் இருக்கிறது என்பேன். டிஎம் 9-6115-642 என்ற எண்ணில் தொடங்கும் ராணுவத் தொழில்நுட்பக் கையேடுகளில், இறுதியில் 10 என்று முடிவது இயக்குபவருக்கானது, 24 என்று முடிவது பழுதுபார்ப்பவருக்கானது, 24பி என்பது உதிரிப் பாகங்களின் பட்டியல். இடையில் வரும் 6115 என்பது மின்னாக்கிகளுக்கு அமெரிக்க அரசு வழங்கியிருக்கும் பொருள்வகை எண். ஒவ்வொரு பாகத்துக்கும் 13 இலக்கக் கையிருப்பு எண் தனியாக உண்டு, அதைக் கொண்டு தேடினால் உபரிப்பொருள் விற்பவர்களிடம் அதே பாகம் கிடைத்துவிடுகிறது. இன்ன குறி தெரிந்தால் இன்ன இடத்தில் மீட்டரை வை, இவ்வளவு வோல்ட் வந்தால் அடுத்த படிக்குப் போ என்று படிப்படியாகச் சொல்லும் அந்த அட்டவணைகள், இயந்திரத்தை அதற்கு முன் பார்த்திராத இளம் சிப்பாயை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மின்சாரம் பற்றி அடிப்படை மட்டுமே அறிந்த நானும் அவற்றைப் பிடித்துக்கொண்டு முன்னேற முடிந்தது.

என்னை மிகவும் அலைக்கழித்தது எரிபொருள் குழாய். கடிபட்ட கம்பிகளைச் சரிசெய்து, டேங்கில் கிடந்த பழைய டீசலை வடித்து, பில்டர்களை மாற்றியபின் எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. சரியாகப் பதினொரு நிமிடம் ஓடி, மூச்சு முட்டுவதுபோல் இரண்டு முறை தடுமாறி நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினால் மறுபடி அதேதான். எலக்ட்ரிக் பம்ப் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, கீழே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை, ஆகவே குழாய் நன்றாக இருக்கிறது என்று நினைத்து இரண்டு வார இறுதிகளைப் பம்பிலும் மிதவையிலும் செலவழித்தேன். பிறகு பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு ஒளிபுகும் குழாயை இடையில் பொருத்தி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டாவது நிமிடத்தில் கடுகு அளவில் காற்றுக்குமிழிகள் வரிசையாக வரத் தொடங்கின. டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில், கிளாம்புக்கு அடியில், மடக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் உள்ள வெடிப்பு டீசலை வெளியே விடாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். புதுக் குழாய்க்கு 20 டாலர்கூட ஆகவில்லை. பழைய ராணுவ ஜெனரேட்டரை வாங்கியவர் வேறு எதையும் தொடுவதற்கு முன் எல்லா எரிபொருள் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, எஞ்சின் ஓடியும் வோல்ட்மீட்டர் முள் அசையாமல் இருந்த சிக்கல். மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிது வாங்கும் அளவுக்கு வந்துவிட்டேன். கையேட்டை மீண்டும் படித்தபோதுதான் தவறு என்னுடையது என்று தெரிந்தது. மாஸ்டர் ஸ்விட்சை ஸ்டார்ட் நிலையில் பிடித்தபடியே இருந்து, ஆயில் அழுத்தம் 25 பிஎஸ்ஐ தாண்டி, மின்னழுத்தமும் உரிய அளவை நெருங்கிய பிறகே கையை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு எனப்படும் காந்தச் சுருளுக்குத் தொடக்க மின்சாரம் செல்கிறது. கார் சாவியைப் போல எஞ்சின் பிடித்ததுமே விட்டுவிட்டால் மின்காந்தம் எழுவதற்கு முன்பே அந்த ஊட்டம் அறுந்துபோகும். இரண்டு விநாடி கூடுதலாகப் பிடித்ததும் முள் 240-இல் வந்து நின்றது.

இது 24 வோல்ட் அமைப்பு என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக வாங்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். ராணுவப் பச்சை நிறத்தைச் சுரண்டி மறுபூச்சு பூச விரும்புபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அந்தப் பூச்சு நச்சு வேதிப்பொருள்களைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது, அதன் தூளும் சூடான புகையும் நுரையீரலுக்குக் கேடு. நான் அதைத் தொடவில்லை.

பராமரிப்பில் நான் மிக முக்கியமாகக் கருதுவது 'வெட் ஸ்டாக்கிங்' என்று டீசல்காரர்கள் சொல்லும் கோளாறு. பத்து கிலோவாட் எஞ்சினுக்கு இரவெல்லாம் ஒரு ஃபிரிட்ஜும் நான்கு விளக்குகளும் மட்டும் சுமையாகக் கொடுத்தால், சிலிண்டர்கள் போதிய சூட்டை எட்டுவதில்லை. முழுதாக எரியாத டீசலும் கரியும் சேர்ந்து கறுப்புக் குழம்பாகப் புகைவழியில் படிகின்றன, பிஸ்டன் வளையங்களும் இன்ஜெக்டர் முனைகளும் பாழாகின்றன. என் இயந்திரம் வந்தபோதே புகைக்குழாய் இணைப்பில் தாரைப் போன்ற கசிவு வழிந்து காய்ந்திருந்தது. இதற்கு மருந்து ஒன்றே, கனமான சுமை கொடுத்துச் சூடாக ஓட்டுவது. 55 கேலன் இரும்பு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, 4500 வாட் வாட்டர் ஹீட்டர் எலிமென்டுகள் இரண்டைப் பொருத்தி, பீப்பாயை முறையாக எர்த் செய்து, ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர் வைத்தேன். முதல் எலிமென்டைப் போட்டதும் வெளிர்சாம்பல் புகை வந்தது. இரண்டாவதையும் போட்டு 9 கிலோவாட்டில் ஓடவிட்ட அரை மணி நேரத்தில் புகை கறுத்து, தீப்பொறியோடு கரித்துகள்கள் பறந்தன. ஒரு மணி நேரம் கடந்தபோது புகைக்குழாயின் வாயில் வெப்ப அலையைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எஞ்சினின் குரலே மாறியிருந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்கிறேன், ஐந்து நிமிடம் சும்மா ஓட்டி அணைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். இந்தச் சோதனையின்போதே அலைவெண்ணையும் சரிபார்த்துக்கொள்ளலாம்: எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது மெக்கானிக்கல் கவர்னர் என்பதால் சுமையில்லாதபோது 61.5 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும்படி வைத்தால், சுமை ஏறும்போது 60-ஐ நோக்கி இறங்கி நிற்கும்.

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் மட்டகோர்டா அருகே கரையேறியபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 இலட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் மின்சாரம் இழந்தன. எங்கள் தெருவில் ஐந்து நாள் இருட்டு. வெளியே வெக்கை தாங்க முடியாத அந்த நாள்களில், மூன்று டன் ஏசி, ஃபிரிட்ஜ் இரண்டு, மின்விசிறிகள், அம்மாவின் ஆக்சிஜன் கருவி ஆகிய அனைத்தையும் இந்த ஜெனரேட்டர் தாங்கியது. ஏசி கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றை முன்கூட்டியே பொருத்தியிருந்தேன், அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் விளக்குகள் மங்கியிருக்கும். உள் டேங்க் 9 கேலன், அதாவது ஏறத்தாழ 34 லிட்டர். முழுச் சுமையில் மணிக்கு ஒரு கேலனுக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும். மாஸ்டர் ஸ்விட்சில் வெளி எரிபொருளுக்கென்று ஒரு தனி நிலை உண்டு, அதில் வைத்தால் பக்கத்தில் உள்ள டீசல் பீப்பாயிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். நள்ளிரவில் எழுந்து டீசல் ஊற்றும் வேலை எனக்கு இருக்கவில்லை. காலையில் ஒரு முறை நிறுத்தி ஆயில், கூலன்ட், ஃபேன் பெல்ட் மூன்றையும் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஐந்து நாளில் ஒரு முறைகூடத் தானாக நின்றதில்லை.

வீட்டு இணைப்பை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். தெருக்கம்பியும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையவே முடியாதபடி இன்டர்லாக் அல்லது டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் அவசியம். இல்லையென்றால் வெளியே கம்பியைச் சரிசெய்பவர் உயிருக்கு ஆபத்து. இந்த ஜெனரேட்டரில் நியூட்ரல் முனையை எர்த்துடன் இணைக்கும் செம்புப் பட்டை ஒன்று உண்டு, உங்கள் வீட்டு அமைப்பில் அது இருக்க வேண்டுமா கழற்ற வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். வெளியீடு 120/240 ஒற்றை ஃபேஸா, 120/208 மூன்று ஃபேஸா என்பதையும் இணைக்கும் முன் பார்த்தாக வேண்டும். ராணுவத்தில் பெரும்பாலும் மூன்று ஃபேஸில் விட்டிருப்பார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'பேட்டில் ஷார்ட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது ஆயில் அழுத்தம், வெப்பம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு நிறுத்தங்களைப் புறக்கணித்து எஞ்சினை ஓடவிடும். போர்க்களத்தில் அதற்குத் தேவை இருக்கலாம், வீட்டில் இல்லை. 2021 குளிரில் ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடால் டெக்சஸில் உயிரிழந்தவர்களை நினைத்தாவது, இதை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த இடத்தில் வையுங்கள்.

ஏலத் தொகை, கட்டணங்கள், டிரெய்லர் வாடகை, பேட்டரி, குழாய்கள், பில்டர்கள் எல்லாம் சேர்த்து எனக்கு 4,100 டாலர் செலவானது. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்தது தனி. ஏசி தேவைப்படாத ஊரில் இருப்பவர்களுக்கு இதே வரிசையில் இரண்டு சிலிண்டருடன் வரும் 5 கிலோவாட் எம்இபி-802ஏ போதும் என்பேன்: வீட்டின் அன்றாடச் சுமை அதற்குச் சரியாகப் பொருந்துவதால் கரி படியும் தொல்லை குறையும், டீசலும் மிச்சமாகும். எங்களைப் போல ஜூலை மாதத்து ஹூஸ்டனில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு 803ஏ. எதை எடுத்தாலும், புயல் எச்சரிக்கை வந்தபின் வாங்காமல் ஓராண்டு முன்னதாக வாங்குங்கள். எனக்கு அந்த ரப்பர் குழாயைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆனது.