கடையம் பக்கத்தில் ஒரு மாத வாடகை வீடு: வேலை மாறும் முன் தங்கிப் பார்த்தது

தென்காசி மாவட்டத்தில், கடையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஒருவர் தம் பூர்வீக வீட்டை மாதக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார். நகரத்து வேலையை விட்டு ஊர்ப்பக்கம் வரலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் முடிவெடுக்கும் முன் வந்து தங்கிப் பார்க்கட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாட்டைச் செய்திருப்பதாக அவர் சொன்னார். முப்பது நாளுக்கு 16,000 ரூபாய். முன்பணம் 10,000 ரூபாய். மே மாதம் முழுவதும் நானும் என் கணவரும் பத்து வயது மகளும் எழுபத்து மூன்று வயதான என் அப்பாவும் அங்கே தங்கினோம். வசதியில் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் எதைத் தெரிந்துகொள்ளப் போனோமோ அதில் பாதியை அந்த வசதிகளே எங்கள் கண்ணில் படாமல் மறைத்துவிட்டன. அங்கே தங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நாங்கள் போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் காய்கறி மொத்த விநியோகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் கொள்முதல் மேலாளராக இருக்கிறேன். பதினொரு வருடமாக விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் நிற்பவள். கடையம் வட்டாரத்து விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று முதன்மைச் செயல் அலுவலராக வரும்படி அழைத்தது. இப்போது 68,000 ரூபாய் வாங்குகிறேன். அங்கே 35,000 ரூபாய். அந்த 35,000 எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான திட்டத்தில், ஓர் அமைப்பின் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முதன்மைச் செயல் அலுவலரின் சம்பளத்தில் மாதம் 25,000 ரூபாய் வரை அதிலிருந்து தரலாம். சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சத்துக்கு மேற்படாமல், அரசும் தரும். மூன்று ஆண்டு முடிந்தபின் சம்பளம் முழுவதையும் நிறுவனம் தன் வியாபாரத்திலிருந்துதான் தர வேண்டும். என்னை அழைத்த நிறுவனம் அப்போது இரண்டாம் ஆண்டில் இருந்தது. ஆகவே ஊர் எங்களுக்கு ஒத்துவருமா என்பதோடு, அந்த நிறுவனம் பிழைக்குமா என்பதையும் ஒரு மாதத்துக்குள் நான் பார்த்தாக வேண்டியிருந்தது.

வீடு பழைய நெல்லைச் சீமைக் கட்டுமானம். தெருவை ஒட்டித் தார்சா என்ற முன்கூடம், அதைத் தாண்டிப் பட்டாசல் என்ற நடுக்கூடம், பிறகு இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்பங்கரையும் புறவாசலும். ஓடு மாற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையின் பழைய சிவப்பு சிமென்ட்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில்கூடப் பகல் இரண்டு மணிக்குப் பட்டாசலில் பாய் விரித்துப் படுக்க முடிந்தது. இணைய இணைப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. என் கணவர் தம் கணக்குத் தணிக்கை வேலையைத் தார்சாவில் மேசை போட்டுச் செய்தார். சமையல் எரிவாயு, குளிர்பதனப் பெட்டி, இன்வெர்ட்டர், குடிநீர் சுத்திகரிப்பான், மாடியில் 1,000 லிட்டர் தொட்டி என்று எல்லாமே உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் கேட்டால் சமைத்தும் தருவார்; அதற்குத் தனியாகப் பணம். அவர் செய்த உளுந்தஞ்சோற்றுக்கும் எள்ளுத் துவையலுக்கும் என் அப்பா சிறு பிள்ளை போலக் காத்திருந்தார்.

குறையென்று சொன்னால் புறவாசல் குளியலறைதான். அதற்கு இரண்டு படி இறங்க வேண்டும், கைப்பிடி கிடையாது, ராத்திரியில் விளக்கின் வெளிச்சம் படியில் விழுவதில்லை. மூன்றாம் நாள் அப்பா அங்கே தடுமாறினார். சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. உரிமையாளரிடம் சொன்னதும் மறுநாளே ஆள் அனுப்பி ஒரு விளக்கு போட்டுக் கொடுத்தார். கைப்பிடி நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் நாள் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தூக்கம் வராமல் நாலரை மணிக்கு எழுந்து புறவாசலுக்கு வந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருக்குழாயிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து வந்து, கீழே இருந்த சிமென்ட் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்து மோட்டார் அதை மாடிக்கு ஏற்றும். பக்கத்தில் பதினாறு குடங்கள் வரிசையாக இருந்தன. என்ன இது என்று கேட்டதற்கு, “கூட்டுக் குடிநீரு ஒருநா விட்டு ஒருநாதான் வரும்க்கா. அதுவும் முக்கா மணி நேரம். ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சங்கடம்னு நானே பிடிச்சு ஊத்திருதேன்” என்றார். அதுவரை எட்டு நாளாக நாங்கள் நால்வரும் சென்னையில் குளிப்பதுபோலவே குளித்துக்கொண்டு, “தண்ணீர்ப் பிரச்சினையே இல்லையே” என்று எங்களுக்குள் பேசி மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

அன்றைக்கே உரிமையாளரை அழைத்து, இனித் தண்ணீரை நாங்களே பிடித்துக்கொள்கிறோம், ஆனால் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்தார். அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் நானும் கணவரும் குழாயடியில் நின்றோம். முதல் நாள் பதினோரு குடத்தோடு தண்ணீர் நின்றுவிட்டது. அடுத்த முறை இருபதைத் தாண்டினோம். எந்தத் துணியை எந்த நாளில் துவைப்பது, அப்பாவுக்கு வெந்நீருக்கு எத்தனை குடம், விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்ற கணக்கெல்லாம் அப்போதுதான் பிடிபட்டது. முடியாத காரியமாகத் தோன்றவில்லை. குழாயடியில் கிடைத்த பழக்கமும் பெரிது. உள்ளூரில் வாடகைக்கு வீடு எங்கே காலி, எந்த வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, எந்தத் தெருவில் மேடு என்பதால் தண்ணீர் ஏறாது என்பதையெல்லாம் அங்கே நின்ற பெண்கள்தான் சொன்னார்கள். அந்த ஒன்பதாம் நாளுக்கு முன் எங்களை ‘பங்களாவுக்கு வந்தவங்க’ என்றுதான் அவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

மின்சாரத்திலும் இதே கதைதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தப்பட்டதே எங்களுக்குத் தெரியவில்லை; பக்கத்து வீட்டில் அம்மியில் துவையல் அரைக்கும் சத்தம் கேட்ட பிறகே தெரிந்தது. இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு இருந்து பார்த்தோம். மே மாதப் பகலில் அது கடினமாகத்தான் இருந்தது. மகள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள், அப்பாவால் போக முடியவில்லை.

அப்பாவைப் பற்றிய கவலைக்கு அந்த வீட்டில் விடை எதுவும் கிடைக்கவில்லை. உரிமையாளர் கொடுத்த கைப்பிரதியில் குற்றாலத்து அருவிகளும், இராமநதி, கடனாநதி அணைகளும், மனைவி செல்லம்மாவின் ஊர் என்பதால் 1918 முதல் 1920 வரை பாரதி கடையத்தில் வாழ்ந்த வரலாறும் அழகாக எழுதப்பட்டிருந்தன. மருத்துவமனைகளின் பெயரோ, இரவில் எந்த வண்டி கிடைக்கும் என்பதோ அதில் இல்லை. அப்பாவுக்கு ஏழு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஆகவே ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அவரை வண்டியில் உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசல்வரை போய்த் திரும்பினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தென்காசி அரசு தலைமை மருத்துவமனை அதைவிட அருகில்தான். இருந்தாலும் விருகம்பாக்கத்தில் பத்து நிமிடத்தில் இதய மருத்துவரைப் பார்க்க முடிந்த எங்களுக்கு, அந்த இரவுப் பயணத்தின் நீளம் மனத்தில் கனத்தது. பெரியவர்களோடு இடம் மாற நினைப்பவர்கள் எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள். பாரதியைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தோன்றிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அவரும் 1920-இல் சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்கே திரும்பினார். பிழைப்புக்காக இந்தப் பாதையில் இரு திசையிலும் மக்கள் நடந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அதனால் வருவதையோ போவதையோ யாரும் தோல்வியாக நினைக்கத் தேவையில்லை என்ற ஆறுதல் அன்று எனக்குத் தேவைப்பட்டது.

பள்ளியைப் பார்ப்பதற்கு மே மாதம் ஏற்றதல்ல. வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. ஆனால் சேர்க்கைக்காகத் தலைமையாசிரியர் வந்திருந்தார். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள் என்பதால் எங்களுக்கு இது தள்ளிப்போட முடியாத விஷயம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் தமிழ்நாட்டில் இருக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே கிடைக்கும். அவள் மருத்துவராக வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்துவிடவில்லை. ஆயினும் ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்துவிட்டுப் பிறகு மாறினால் அந்தக் கதவு மூடிவிடும் என்பதைத் தலைமையாசிரியர் பொறுமையாக விளக்கினார்.

இனி வேலை. வீட்டின் இருப்பிடம் இதற்கு மிகவும் உதவியது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு இருசக்கர வண்டியில் போய்வர முடியும். நிறுவனத்தின் உறுப்பினர்கள் பலர் நடந்துபோகும் தூரத்தில் இருந்தார்கள். ஒருநாள் சின்ன வெங்காயம் ஏற்றிய ஓர் உறுப்பினரோடு மண்டிக்குப் போனேன். ஏலக்காரர் சாக்கைப் பிரித்துக் கைப்பிடி அள்ளி, விரலால் தோலைத் தேய்த்துப் பார்த்து விலை சொன்னார். தராசில் ஏறிய எடையிலிருந்து சாக்குக்கும் அழுகலுக்கும் சேர்த்துக் கழிவு போக, விற்ற தொகையில் கமிஷன் போக, ஏற்றுகூலி, இறக்குகூலி போக எவ்வளவு நின்றது என்பதை அந்த உறுப்பினர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அதே ரக வெங்காயத்தை அதே வாரத்தில் நாங்கள் கோயம்பேட்டில் என்ன விலைக்கு எடுத்தோம் என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அன்று சாயங்காலம் அவருடைய தோட்டத்தில், வெங்காயத்தைச் சேமித்து வைக்கும், பனையோலை வேய்ந்த பட்டறைக்குள் கையை நுழைத்துப் பார்த்தேன். நடுவில் சூடு தெரிந்தது. காற்றோட்டம் போதாத பட்டறை அது. இன்னும் இரண்டு வாரம் வைத்திருந்தால் பாதி அழுகியிருக்கும். இந்த வேலையில் என்னால் என்ன செய்ய முடியும் என்பது அந்தக் கைச்சூட்டில் எனக்குப் புரிந்தது.

ஆனால் இந்தச் சந்தையின் சரக்கில் பெரும்பகுதி புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் விலை ஏறும், முடிந்ததும் இறங்கும். மே மாதத்தில் தங்கிய எனக்கு அது கண்ணில் படவில்லை. நிறுவனத்தின் கணக்கேட்டை வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வேலை நிமித்தம் தங்குகிறவர்கள், வீட்டுக்காரர் பரிந்துரைக்கும் சீசன் மாதங்களை விட்டுவிட்டு, தங்கள் தொழில் கடினமாக இருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை வாடகை 24,000 ரூபாய்; அப்போது சாரலும் காற்றும் மனத்தை மயக்கிவிடும். எங்கள் கடைசி மூன்று நாளில் மேற்கே மலை கறுத்துக் காற்று திரும்பியபோது, கணக்கெல்லாம் மறந்து எல்லாரும் தெருவில் போய் நின்றோம்.

பணவிஷயத்தில் உரிமையாளர் மிக நேர்மையானவர். கிளம்பிய அன்றே மின்கட்டணத்தை மட்டும் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும், மருத்துவமனைத் தொலைபேசி எண்களையும் கைப்பிரதியில் சேர்க்கும்படி கேட்டேன், சேர்ப்பதாகச் சொன்னார். விரும்புகிறவர்கள் இன்வெர்ட்டரும் ஆளும் இல்லாமல் குறைந்த வாடகைக்குத் தங்கும் ஏற்பாடும் இருந்தால் இந்த வீட்டுக்கு நான் இன்னும் மனமாரப் பரிந்துரை எழுதுவேன். இப்போதுள்ள நிலையிலும், 16,000 ரூபாய் எங்களுக்கு வீண்போகவில்லை.

மூன்றாம் ஆண்டுக்குப் பின் என் சம்பளம் எந்த வருமானத்திலிருந்து வரும் என்பதை இயக்குநர்கள் கூட்டத்தில் தீர்மானமாக எழுதித் தரும்படி கேட்டிருந்தேன். தீர்மானத்தின் நகல் போன வாரம் வந்தது. அப்பா மழைக்காலம் முடியும்வரை தாம்பரத்தில் தம்பி வீட்டில் இருப்பார். குழாயடியில் அறிமுகமான ஒருவர் காட்டிய வீட்டுக்கு, மாதம் 6,000 ரூபாய் வாடகைக்கு, முன்பணம் கொடுத்துவிட்டோம். அங்கே மாடித் தொட்டி கிடையாது. தெருவின் பள்ளமான பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் முதலில் அந்த வீட்டுக்குத்தான் வரும்.